டார்ட்டன் கவுன்: சந்தர்ப்பத்துக்கு ஏற்ப அணியும் முறை

ஸ்காட்லாந்து மரபில் வந்த, பல நிறக் கட்டங்கள் கொண்ட டார்ட்டன் துணியில் தைத்த கவுனுடன் எதைச் சேர்த்து அணிவது என்று தெரியாமல், பலரும் கறுப்புக் காலணி, கறுப்புக் கைப்பை என்று முடித்துவிடுகிறார்கள். அது தவறில்லை, ஆனால் அதனால் எல்லாச் சந்தர்ப்பத்திலும் ஒரே தோற்றமே மிஞ்சுகிறது. உடன் அணிய வேண்டிய நிறங்கள் அனைத்தும் அந்தத் துணிக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றில் எதை எடுத்துக்காட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதே கவுன் அலுவலகத்துக்கோ விருந்துக்கோ உரியதாகிறது.

ஆகவே முதலில் துணியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். டார்ட்டனில் பெரும்பாலும் பாவிலும் (நீளவாக்கு இழைகள்) ஊடையிலும் (குறுக்குவாக்கு இழைகள்) ஒரே நிற வரிசை, ஒரே அளவுகளில் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வோர் ஊடை இழையும் இரண்டு பாவு இழைகளுக்கு மேலும் அடுத்த இரண்டுக்குக் கீழுமாகச் சென்று, வரிக்கு வரி ஓர் இழை தள்ளி அமைவதால், துணியில் சாய்வான வரிகள் தெரியும். ஒரே நிறத்துப் பாவும் ஊடையும் சந்திக்கும் இடத்தில் அந்த நிறம் தூய்மையாகவும், வெவ்வேறு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டின் கலப்பாகவும் தோன்றும். இதனால் மூன்று நிற நூல்களில் நெய்த துணி ஆறு சாயல்களையும், நான்கு நிறங்களில் நெய்தது பத்துச் சாயல்களையும் காட்டுகிறது. சிவப்பும் பச்சையும் குறுக்கிடும் கட்டங்களில் பழுப்புச் சாயல் எழுவதால்தான், நூலில் எங்குமே பழுப்பு இல்லாத சிவப்பு டார்ட்டனுக்குப் பழுப்புத் தோல் பூட்ஸ் அவ்வளவு இயல்பாகப் பொருந்துகிறது. பகல் வெளிச்சத்தில் கண்ணாடியிலிருந்து சற்று விலகி நின்று பார்த்தால் இந்தக் கலப்பு நிறங்கள் கண்ணுக்குப் பிடிபடும்.

கவுனை வாங்கும்போதே அதன் பயன்பாடு பாதி தீர்மானமாகிவிடுகிறது. பச்சையும் பழுப்பும் மிகுந்த 'ஹண்டிங்' வகைகளும், நீலம், பச்சை, கறுப்பு மட்டும் கொண்ட பிளாக் வாட்ச் என்ற டார்ட்டனும் அடக்கமானவை. ராயல் ஸ்டூவர்ட் என்ற டார்ட்டனின் சிவப்பு தொலைவிலிருந்தே கண்ணை இழுக்கும். வெள்ளையை அடிநிறமாகக் கொண்ட 'டிரஸ்' வகைகள் பகல் விழாக்களுக்கு அழகு. பெரிய கட்டங்கள் வெட்டும் தையலும் குறைந்த நீண்ட பாவாடைப் பகுதியில்தான் முழுமையாகத் தெரியும். உடலை ஒட்டித் தைத்த கவுனுக்குச் சிறிய கட்டங்களே ஏற்றவை. பக்கத் தையலில் கிடைக்கோடுகள் ஒன்றோடொன்று சேருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அங்கே கோடு ஏறி இறங்கினால் எந்த பெல்ட்டும் நகையும் அதை மறைக்காது.

அலுவலகத்துக்கு அணியும்போது துணியின் மிக இருண்ட நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக் வாட்ச் கவுனுக்கு மேல் கருநீல பிளேசர், அதே இருண்ட வரிசையில் டைட்ஸ், தாழ்ந்த குதிகால் கொண்ட காலணி ஆகியவை சேர்ந்தால், கட்டங்கள் பின்வாங்கி உருவம் ஒரே நீண்ட கோடாகத் தெரியும். பிளேசர் இடுப்பெலும்போடு முடிவது நல்லது, ஏனெனில் அதைவிட நீண்டால் கீழே எஞ்சும் கட்டங்கள் துண்டுபட்டுக் காணப்படும். கையில்லாத கவுனாக இருந்தால் உள்ளே வெள்ளைச் சட்டை அணியலாம். துணியில் வெள்ளைக் கோடே இல்லாவிட்டால் தூய வெள்ளையைவிட வெளிர்நீலமோ கிரீம் நிறமோ இணக்கமாக இருக்கும்.

விடுமுறை நாளுக்கு அதிக யோசனை தேவையில்லை. கவுனுக்கு மேல் ஒற்றை நிற ஸ்வெட்டரை அணிந்தால் அது பாவாடையாகவே மாறிவிடும். ஜீன்ஸ் ஜாக்கெட்டும் வெள்ளை ஸ்னீக்கர்சும் எந்த டார்ட்டனோடும் ஒத்துப்போகும். தோல் ஜாக்கெட்டுக்கு மட்டும் தனி வரலாறு உண்டு. 1970களில் லண்டனில் பங்க் என்ற கலக இசைப் பாணியைப் பின்பற்றிய இளைஞர்கள் அரச கம்பீரத்தின் அடையாளமாக இருந்த சிவப்பு டார்ட்டனைக் கிழித்தும் ஊக்குகள் குத்தியும் கலகத்தின் உடையாக்கினார்கள். அந்தப் பாணியின் முன்னோடியான ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட், 1993இல் தம் கணவர் ஆண்ட்ரியாஸின் பெயரால் 'மக்ஆண்ட்ரியாஸ்' என்ற புதிய டார்ட்டனையே உருவாக்கினார். அந்தச் சாயல் வேண்டுவோர் தோல் ஜாக்கெட், கனத்த பூட்ஸ், உலோக ஊக்கு ஆகிய மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பது என் பரிந்துரை. மூன்றும் சேர்ந்தால் அது மாறுவேடமாகிவிடும்.

மாலை விருந்துக்கு இதற்கு நேர்மாறான வழி. துணியில் மிகக் குறைவாக இருக்கும் நிறத்தை, அதாவது நூலிழைபோல ஓடும் மெல்லிய கோட்டை, மேலே கொண்டுவர வேண்டும். மஞ்சள் கோடு இருந்தால் தங்க நகை, வெள்ளைக் கோடு இருந்தால் முத்து அல்லது வெள்ளி. அந்தக் கோடு உடனே எழுந்து நிற்பதையும், அகன்ற பட்டைகள் பின்னணியாக ஒதுங்குவதையும் காண்பீர்கள். கட்டங்களே கழுத்தருகில் போதிய ஆரவாரம் செய்வதால், கழுத்தணியைவிடக் காதணிகளுக்கு முக்கியத்துவம் தருவது நல்லது. கம்பளியின் மங்கிய பரப்புக்கு வெல்வெட் ஜாக்கெட்டோ சாட்டின் காலணியோ மெருகூட்டும். சிவப்பு டார்ட்டனுக்கு அதே சிவப்பில் காலணி தேடாதீர்கள். அது துல்லியமாக அமைவது அரிது. அடர் மெரூன் அல்லது கரும்பச்சை நம்பகமான தேர்வு.

ஸ்காட்லாந்து மரபு சார்ந்த நிகழ்ச்சிகளில், குறிப்பாக ஜனவரி 25 அன்று கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் நினைவாக நடக்கும் விருந்திலும் நவம்பர் 30 அன்று வரும் புனித ஆண்ட்ரூ தினத்திலும், சற்றுக் கவனம் தேவை. கெய்லி என்ற ஸ்காட்லாந்துக் குழு நடனம் இருந்தால், அகன்ற பாவாடையும் காலைவிட்டுக் கழலாத தட்டைக் காலணியும் இன்றியமையாதவை. ஸ்காட்லாந்துக் குலம் ஒன்றின் பெயர் கொண்ட டார்ட்டனைப் பிறர் அணியக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் 1853இல் இளவரசர் ஆல்பர்ட் வடிவமைத்த பால்மோரல் டார்ட்டன் அரச குடும்பத்துக்கு உரியது, அதை விட்டுவிடுங்கள். ஐயம் இருந்தால், 2009இல் தொடங்கப்பட்ட ஸ்காட்லாந்து டார்ட்டன் பதிவேட்டில் ஒவ்வொரு வடிவமைப்பின் பெயரையும் கட்டுப்பாடுகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

தோளில் பட்டைத் துணி அணிவதாக இருந்தால் அதை வலத் தோளில் இட்டு ப்ரூச் என்ற அலங்கார ஊசியால் குத்திக்கொள்வது பொது வழக்கம். இடத் தோள் குலத்தலைவியர் போன்றோருக்கு விடப்படுகிறது. கவுன் முழுவதும் டார்ட்டனாக இருக்கும்போது அந்தப் பட்டையும் அதே டார்ட்டனில் இருக்க வேண்டும். அதே துணி கிடைக்காவிட்டால், கவுனின் அடிநிறத்தில் ஒற்றை நிறக் கம்பளிச் சால்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு, ப்ரூச்சை அதில் குத்திக்கொள்ளலாம்.