அப்லோடு பட்டனை எழுதும்போது நாம் செய்யும் தவறுகள்

பில், ரெஸ்யூம், ஒப்பந்தத்தின் ஸ்கேன் பிரதி என்று ஏதாவது ஒரு ஃபைலைக் கேட்காத அலுவலக அப்ளிகேஷனைப் பார்ப்பது அரிது. அந்தப் பட்டனை அரை நாளில் எழுதி முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். முன்பின் தெரியாத ஒருவர் நம் சர்வரில் தனக்கு வேண்டியதைக் கொண்டுவந்து வைக்க நாமே வழிவிடும் இடம் அது.

'பிடிஎஃப் மட்டும்' என்று பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் சோதனை வைத்தால் பயனருக்கு வசதி, அவ்வளவுதான். நடுவில் ஒரு ப்ராக்ஸியை, அதாவது போகும் தகவலை இடைமறிக்கும் கருவியை வைத்து, பிரவுசர் அனுப்பியதை யாரும் திருத்தி அனுப்பலாம். ஃபைல் என்ன வகை என்று சொல்லும் கன்டென்ட்-டைப் ஹெடரும் அனுப்புகிறவர் எழுதுவதே.

சரி, சர்வரில் சோதிக்கிறோம். அங்கே பலரும் வைப்பது தடைப்பட்டியல்: சர்வரில் நிரலாக ஓடும் .பிஎச்பி ஃபைல் வந்தால் நிராகரி. ஆனால் .பிஎச்டிஎம்எல் ஃபைலையும் பிஎச்பியாக ஓட்டும் சர்வர்கள் உண்டு. தடைப்பட்டியலில் எப்போதும் ஒன்று விட்டுப்போகும். தேவையான மூன்று, நான்கு வகைகளை மட்டும் அனுமதியுங்கள். அதில் எஸ்விஜி என்ற பட வகையை யோசிக்காமல் சேர்க்காதீர்கள்; படமாகத் தெரியும் அந்த எக்ஸ்எம்எல்லுக்குள் ஸ்கிரிப்ட் வைக்கலாம்.

'ஃபைலின் முதல் பைட்டுகளையே பார்க்கிறோமே' என்பார்கள். ஒரு டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து, முதல் வரியில், ஜிஃப் படங்கள் தொடங்கும் GIF89a என்ற ஆறே எழுத்தை ஆங்கிலத்தில் அடியுங்கள். அடுத்த வரியில், முகவரியோடு சேர்ந்து வரும் சொல்லைக் கட்டளையாக ஓட்டும்படி ஒரு வரி பிஎச்பி. பைட்டுகளை மட்டும் பார்க்கும் சோதனைக்கு இது ஜிஃப் படம். பிஎச்பிக்கோ அந்த ஆறு எழுத்தும் அப்படியே அச்சிட வேண்டிய வெறும் எழுத்து. அச்சிட்டுவிட்டு இரண்டாம் வரியை ஓட்டும். அதன் முகவரியை பிரவுசரில் திறந்தவர் கையில் சர்வர். இதைத்தான் வெப் ஷெல் என்கிறோம்.

அதனால் ஃபைல் என்ன வகை என்பதைவிட, அது எங்கே போய் உட்காருகிறது என்பதற்கே நான் அதிக நேரம் செலவிடுவேன். வெப் ரூட்டுக்கு, அதாவது சர்வர் வெளியுலகுக்குக் காட்டும் ஃபோல்டருக்கு வெளியே இருந்தால் முகவரி அடித்துத் திறக்க முடியாது. பெயரையும் நாமே யூகிக்க முடியாதபடி வைக்க வேண்டும். பயனர் கொடுத்த பெயர் டேட்டாபேஸில் இருந்தால் போதும். அந்தப் பெயரையே ஃபைலுக்கு வைத்து, அதில் 'மேல் ஃபோல்டருக்குப் போ' என்று பொருள்படும் '../' இருந்தால் ஃபைல் வேறு ஃபோல்டருக்குத் தாவிவிடலாம். 2023 டிசம்பரில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா கட்டமைப்பில் வெளியான சிவிஇ-2023-50164 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) இந்த வகைதான்.

ஃபோல்டருக்குப் போட்ட பூட்டு இன்னும் பூட்டியே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பலரும் பயன்படுத்திய ஜேக்வெரி ஃபைல் அப்லோடு என்ற நிரல் தன் பாதுகாப்பை, ஒரு ஃபோல்டருக்கான விதிகளை அப்பாச்சி வெப் சர்வருக்குச் சொல்லும் .எச்டிஆக்சஸ் ஃபைலிடம் விட்டிருந்தது. 2010-இல் அப்பாச்சி சர்வர் 2.3.9 பதிப்பிலிருந்து அந்த ஃபைலை இயல்பாகப் படிப்பதை நிறுத்திவிட்டது. இந்த ஓட்டை பரவலாகத் தெரியவந்தது 2018-இல்தான். புதிய பதிப்பை சர்வரில் ஏற்றும் ஒவ்வொரு டெப்ளாய்க்குப் பிறகும் 7*7-ஐ அச்சிடும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை அந்த ஃபோல்டரில் வைத்துத் திறந்து பாருங்கள். 49 என்று வந்தால் பூட்டு இல்லை. பார்த்ததும் அதை அழித்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: அப்லோடு செய்கிறவர் லாகின் செய்தவர்தானா? 2025 ஏப்ரலில் எஸ்ஏபி நெட்வீவர் என்ற நிறுவன மென்பொருளில் வெளிவந்த சிவிஇ-2025-31324-இல் அந்தச் சோதனையே இல்லை. தாக்கியவர்கள் லாகின் இல்லாமலே ஜேஎஸ்பி (ஜாவா சர்வரில் ஓடும் பக்கம்) வெப் ஷெல்களை ஏற்றினார்கள். தீவிர மதிப்பெண் 10-க்கு 10.

அளவு வரம்பை மறக்காதீர்கள், விரிந்தபின் வரும் அளவுக்கும் சேர்த்து. 42 கேபி ஜிப் ஒன்று முழுதாக விரிந்தால் 4.5 பெட்டாபைட் ஆகும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷன் என்றால், இன்றே அப்லோடு ஃபோல்டரில் தேடிப் பாருங்கள். அனுமதிக்காத எக்ஸ்டென்ஷனில் ஒரு ஃபைல் கண்ணில் பட்டால் பதறி அழித்துவிடாதீர்கள். முதலில் சர்வரை நெட்வொர்க்கிலிருந்து பிரியுங்கள். அப்புறம் அந்த ஃபைலையும், சர்வருக்கு வந்த கோரிக்கைகளைப் பதியும் ஆக்சஸ் லாகையும் வேறிடத்தில் நகலெடுத்து, அதை யார், எப்போது, எத்தனை முறை திறந்தார்கள் என்று பாருங்கள்.