துக்க வீட்டுக்கு நாற்பது பேர் சாப்பாடு: முதல்முறை சமைப்பவருக்கு

காலை ஏழரைக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வரும். இன்னார் தவறிவிட்டார், மதியம் இரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். நாம் போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டு வாசலில் கூடாரம் போட்டு நாற்காலி இறக்கியிருப்பார்கள். உடல் வீட்டில் இருக்கும்வரை அங்கே அடுப்பு எரியாது. சுடுகாட்டுக்குப் போய்த் தலைமுழுகித் திரும்புகிறவர்களுக்குச் சோறு போடுவது அக்கம்பக்கத்தார் பொறுப்பு.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீடுகள் இருந்த காலத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒரு வீட்டில் அழுகுரல் கேட்டால் ஆறாவது வீட்டில் அரிசி களைய ஆரம்பித்துவிடுவார்கள். ரப்பர்ப் பால் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது, லயம் போய்த் தாமான் என்ற புதுக் குடியிருப்பு வந்தது. இன்று ஒவ்வொரு வீட்டுக்கும் இரும்புக் கதவு. உதவ மனசு இருக்கிறது, ஆனால் நாற்பது பேருக்கு எத்தனை டின் அரிசி என்று தெரியாது. கடைசியில் ஆளுக்கொரு பொட்டலம் பிரியாணியோ மீ கோரெங்கோ வாங்கி வந்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் அழுது களைத்த வயிற்றுக்கு ரசம் சோறு இறங்குவதுபோல் அது இறங்காது.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. ஆம்பளைப் பிள்ளை என்று வீட்டில் என்னை அடுப்புப் பக்கமே விட்டதில்லை. அம்மாவுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை நடந்த வருடம்தான் சோறு வைக்கவே கற்றுக்கொண்டேன். ஆறு மாதத்தில் பெரிய சமையல்காரன் ஆகிவிட்டோம் என்ற நினைப்பு வேறு. அந்த நினைப்பு ஒரு சாவு வீட்டில் உடைந்த கதையைப் பின்னால் சொல்கிறேன். இப்போது வேலைக்கு வருவோம்.

முதலில் போய்க் கேளுங்கள், ஆனால் துக்கக்காரரிடம் வேண்டாம்

"என்ன உதவி வேணும்?" என்று இறந்தவரின் மனைவியிடமோ பிள்ளையிடமோ கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவர்களால் பதில் சொல்ல முடியாது. ஓரமாக நின்று ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சித்தப்பாவோ பெரியம்மாவோ எந்த வீட்டிலும் இருப்பார். அவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், சாப்பிட எத்தனை பேர் இருப்பார்கள், வேறு யாராவது சாப்பாடு ஏற்றுக்கொண்டார்களா, அவர்கள் வழக்கத்தில் தாளிக்கலாமா?

கடைசிக் கேள்வி முக்கியம். சில குடும்பங்களில் துக்கச் சாப்பாட்டுக்குக் கடுகு தாளிக்கக்கூடாது. சில வீடுகளில் அப்பளம் பொரிக்கமாட்டார்கள், சில வீடுகளில் எல்லாம் செய்வார்கள். நம் வீட்டு வழக்கத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது.

ஆள் எண்ணிக்கையை யாரும் சரியாகச் சொல்லமாட்டார்கள். "ஒரு முப்பது பேரு இருக்கும் தம்பி" என்றால் நாற்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சோறு: மூன்று வீடு, மூன்று குக்கர்

புதியவர்கள் தடுமாறுவது பெரிய சட்டியில் சோறு வடிக்கும்போதுதான். கொதிக்கும் கஞ்சியோடு இருபது லிட்டர் சட்டியைச் சாய்க்கப் பழக்கமில்லாத கை போகக் கூடாது. அதனால் நான் சொல்லும் வழி வேறு.

ஒரு ஆளுக்கு 110 கிராம் அரிசி என்று வையுங்கள். நாற்பது பேருக்கு 4.5 கிலோ போதும். 1.8 லிட்டர் ரைஸ் குக்கரில் அதோடு வரும் கோப்பையால் பத்துக் கோப்பை அரிசி போடலாம், ஏறக்குறைய 1.5 கிலோ. அப்படியென்றால் மூன்று குக்கரில் கணக்கு முடிந்தது. உங்கள் வீட்டில் ஒன்று, எதிர்வீட்டில் ஒன்று, பின்தெருவில் ஒன்று. டின் கணக்குக்காரர்களுக்கு: எங்கள் வீட்டுப் பால் டின் ஒன்றுக்கு 300 கிராம் பிடிக்கும், ஆக மொத்தம் 15 டின். உங்கள் டின்னை ஒருமுறை தராசில் வைத்துப் பார்த்துவிடுங்கள், டின்னுக்கு டின் மாறும்.

மூன்று குக்கரையும் ஒரே வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரே நீட்டிப்பு வயரில் செருகாதீர்கள், வயர் சூடாகிவிடும். அவரவர் வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. "எனக்குச் சமைக்கத் தெரியாதே" என்று ஒதுங்குகிற வீட்டுக்காரரும் ஒரு குக்கர் சோறு வைப்பார். ஊர் வேலைக்கு அவர் உள்ளே வந்துவிட்டார், பாருங்கள்.

அப்புறம், வெந்த சோற்றைக் குக்கரை விட்டு எடுக்கவேண்டாம், 'வார்ம்' நிலையிலேயே இருக்கட்டும். அரிசியில் பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து இருக்கும். வேகவைத்தாலும் அது சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அது முளைத்துப் பெருகி வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். 60 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால் பெருகாது. ஏற்கெனவே துக்கத்தில் இருக்கிறவர்களை ஆஸ்பத்திரிக்கும் அனுப்பவேண்டாம்.

சாம்பார்: நான் கெடுத்தது இதில்தான்

நாற்பது பேருக்கு: துவரம் பருப்பு 1 கிலோ, காய்கறி 3 கிலோ, புளி 150 கிராம், சாம்பார்த் தூள் 100 கிராம், சின்ன வெங்காயம் அரை கிலோ, தக்காளி அரை கிலோ, முழுப் பூண்டு இரண்டு, மஞ்சள்தூள் ஒரு மேசைக்கரண்டி. 14 லிட்டர் சட்டி ஒன்று வேண்டும். கோயிலில் கேட்டால் கொடுப்பார்கள்.

பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, மஞ்சள்தூளும் சில சொட்டு எண்ணெயும் விட்டு வேகவையுங்கள். எண்ணெய் நுரை பொங்குவதை அடக்கும். குக்கரில் என்றால் தண்ணீரையும் சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். 5 லிட்டர் குக்கரில் அரைக் கிலோவாக இரண்டு தடவை வைப்பது உத்தமம்.

பருப்பு வேகும்போதே பெரிய சட்டியில் இரண்டரை லிட்டர் தண்ணீர் கொதிக்கவிட்டு வெங்காயம், தக்காளி, பூண்டு, சாம்பார்த் தூளோடு காய்களைப் போடுங்கள். முருங்கை, கேரட், உருளைக்கிழங்கு முதலில். பயத்தங்காய் பத்து நிமிடம் கழித்து. கத்திரிக்காய் கடைசியில், இல்லாவிட்டால் கரைந்து காணாமல் போய்விடும். காய் முழுக்க வெந்த பிறகுதான் புளிக்கரைசல்.

இந்த ஒரு வரியைத் தெரியாமல்தான் அன்று மாட்டிக்கொண்டேன். புளியை முதலிலேயே ஊற்றிவிட்டேன். புளிப்பு ஏறினால் காய் வேக மறுக்கும், அதன் நார் இளகாது. உருளைக்கிழங்கைக் குத்திக் குத்திப் பார்க்கிறேன், கல் மாதிரி இருக்கிறது. சரி, தீயைக் கூட்டுவோம் என்று கூட்டினேன். பருப்பையும் அதற்குள் கொட்டியிருந்தேன். கால் மணி நேரத்தில் ஒரு வாடை. காபிக்கொட்டை வறுபடுகிற மாதிரி முதலில் நன்றாகத்தான் இருந்தது, அப்புறம் மூக்கில் ஏறியது. பதறிப்போய் அகப்பையை விட்டு அடிவரைக்கும் கிளறப் போனேன்.

எதிர்வீட்டு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "கிண்டாதே தம்பி. கிண்டினா முழுக்கக் கசந்துரும். சட்டிய மாத்து." இன்னொரு சட்டியைக் கொண்டுவந்து, அடியைத் தொடாமல் மேலிருப்பதை மட்டும் மொண்டு மொண்டு ஊற்றினார். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்பாக ஒட்டியிருந்ததை அப்படியே விட்டுவிட்டார். மாற்றிய சட்டியில் ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழையும் சின்னத் துண்டு வெல்லமும் போட்டார். வாடை முழுக்கப் போகவில்லை, ஆனால் சாப்பிடமுடிந்தது. உருளைக்கிழங்கு மட்டும் கடைசிவரை வேகவில்லை. சாப்பிட்டவர்கள் அதை இலை ஓரத்தில் ஒதுக்கிவைத்ததை நான் பார்த்துக்கொண்டே பரிமாறினேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புளிக்கரைசலுக்குப் பிறகுதான் வெந்த பருப்பு. அதைச் சேர்த்த பிறகு நடுத்தரத் தீக்கு மேல் போகாதீர்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அடி தட்டும்படி கிளறுங்கள். தேங்காய்ப்பால், அரைத்த தேங்காய் வேண்டாம். நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் ஊசிவிடும்.

பெருக்கல் வாய்ப்பாடு சமையலறைக்கு ஆகாது

வீட்டில் நான்கு பேருக்கு ஒரு கரண்டி உப்பு, ஆகவே நாற்பது பேருக்குப் பத்துக் கரண்டி என்று போட்டால் வாயில் வைக்கமுடியாது. வீட்டுச் சட்டியில் தண்ணீர் நிறைய ஆவியாகிவிடும். பெரிய சட்டியில் குழம்பு பத்து மடங்கு கூடினாலும் சட்டியின் வாய் பத்து மடங்கு அகலமாவதில்லை, ஆவியாவது குறைவு. பெரிய சட்டி அதிக நேரம் கொதிப்பதால் காரமும் கூடுதலாக இறங்கும். தண்ணீர், உப்பு, காரம் மூன்றையும் கணக்குப்படி வருவதில் முக்கால் பங்கு மட்டும் முதலில் போட்டு, கொதி வந்து பத்து நிமிடம் கழித்து ருசி பாருங்கள். மேலே சொன்ன சாம்பாருக்கு 60 கிராம் உப்பில் ஆரம்பியுங்கள். கூட்டலாம், குறைக்க முடியாது.

முட்டைக்கோஸ் பிரட்டல், ரசம்

கேமரன் மலையிலிருந்து வரும் கோஸ் 3 கிலோ. மெல்லிசாக அரிந்து, வெங்காயம், காய்ந்த மிளகாய், மஞ்சளோடு அகலமான வாணலியில் இரண்டு தடவையாகப் பிரட்டுங்கள். மொத்தமாகப் போட்டால் தண்ணீர் விட்டு வெந்துபோகும், பிரட்டலாகாது. ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் ஒன்று வாங்கினால் எல்லாவற்றுக்கும் மிஞ்சும்.

ரசத்துக்குத் தக்காளி 1 கிலோ, புளி 100 கிராம், மிளகும் சீரகமும் 40 கிராம் வீதம், பூண்டு 100 கிராம், தண்ணீர் 6 லிட்டர். நுரை கூடி மேலே வரும்போது இறக்கிவிடுங்கள், கொதிக்கவிட்டால் கடுத்துப்போகும். ஆள் போதவில்லை என்றால் கோஸை விட்டுவிடுங்கள், ரசத்தை விடாதீர்கள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காத கிழவிகூட ஒரு குவளை ரசம் வாங்கிக் குடிப்பார்.

பிள்ளைகளுக்கென்று, சாம்பாரில் சேர்க்கும் முன்பே ஒரு கிண்ணம் வெறும் பருப்பை எடுத்து வையுங்கள். பல் இல்லாதவர்களுக்கு ஒரு கிண்ணம் சோறு குழைவாக வேண்டும்.

நேரக் கணக்கு

இரண்டு மணிக்கு எடுத்தால் மூன்றரைக்கு முதல் கூட்டம் திரும்பும், காரியம் செய்கிறவர்கள் இன்னும் தாமதமாக வருவார்கள். பத்து மணிக்குச் சாமான் வாங்கி முடிக்கவேண்டும். பதினொன்றுக்குப் பருப்பு ஊறவேண்டும். அதுவரை நறுக்கும் வேலை. குக்கர் வீட்டுக்காரர்களை இரண்டேகாலுக்குச் சுவிட்சைத் தட்டச் சொல்லுங்கள், அதற்கு முன் வேண்டாம். சாம்பாரும் ரசமும் மூன்று மணிக்கு அடுப்பில் சிறுதீயில் இருக்கவேண்டும். இரண்டாம் கூட்டத்துக்கென்று எடுத்துவைப்பதையும் தீயிலிருந்து இறக்காதீர்கள்.

அரிசிச் செலவு பெரிதில்லை. 2023-இல் உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோ மூட்டைக்கு 26 வெள்ளிதான் (ரிங்கிட்) உச்ச விலை, ஆனால் அந்த வருடம் நடந்ததுபோலக் கடையில் அது கண்ணில் படாத நாளும் உண்டு. நாலைந்து வீடு பகிர்ந்துகொண்டால் யாருக்கும் கனக்காது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதைக் குழுவில் போடாதீர்கள்.

பரிமாறும் இடத்தில்

மலாய்க்கார அண்டை வீட்டாரும் சீனர்களும் நிச்சயம் வருவார்கள். சைவச் சாப்பாடுதான் என்று சொல்லுங்கள், ஆனால் வற்புறுத்தாதீர்கள். பாக்கெட் பானமும் போத்தல் தண்ணீரும் தனியாக ஒரு மேசையில் இருக்கட்டும்.

சமைக்கவே வராது என்கிறவர்களுக்கும் இடம் இருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து கோப்பி குடித்த கிளாஸ் குவிந்துகொண்டே இருக்கும். யாரும் சொல்லாமலே போய்க் கழுவ ஆரம்பியுங்கள். நான் அப்படித்தான் திரும்ப உள்ளே போனேன். அடிப்பிடித்த சாம்பாருக்குப் பிறகு மூன்று சாவுக்குக் கிளாஸ்தான் கழுவினேன். நான்காவதில் அத்தை வெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அதற்கிடையில் வீட்டில் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரைக் கூப்பிட்டு இதே சாப்பாட்டைக் கால் அளவில் செய்துபாருங்கள். எவ்வளவு மிஞ்சியது, உப்பு எத்தனை கரண்டி போனது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

பாத்திரங்களின் அடியில் பெயர் எழுதி ஒட்டிவிட்டுக் கொண்டுபோங்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை திருப்பிக் கேட்கவேண்டாம். கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லாதீர்கள், சாவு வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சும்மா இறங்கி நடக்கவேண்டியதுதான்.