பெர்கனுக்குப் போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்கனுக்குப் புறப்படுகிறவர்கள் ஊர் போய்ச் சேருமுன்பே ஒரு தவறைச் செய்துவிடுகிறார்கள். காலை ஒன்பதுக்கு மலை, பதினொன்றுக்குத் துறைமுகம், மூன்று மணிக்குப் படகு என்று மணிக்கணக்கில் அட்டவணை போடுகிறார்கள். அந்த ஊரில் அட்டவணை போடுவது மழை. ஆண்டில் 200 நாட்களுக்கு மேல் மழை உண்டு. மொத்த அளவு 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று ஊரைச் சுற்றியுள்ள மலைகளில் மோதி, மேலேறி, குளிர்ந்து, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. 2006ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மழை, 80 நாட்களுக்கு மேல் ஒரு நாளும் விடாமல் பெய்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே மழை பெய்தால் என்ன செய்யலாம் என்று யோசிப்பதில் பயனில்லை. மழை பெய்யும் என்றே வைத்துக்கொண்டு, வானம் வெளுத்தால் எதைச் செய்யலாம் என்பதைத் தயாராக வைத்திருக்க வேண்டும்.

வெளுத்தால் மலைதான். ஊரின் நடுவிலிருந்தே ஃபுளோயன் மலைக்கு இழுவை ரயில் ஏறுகிறது. 1918 முதல் ஓடுகிறது, சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்தில் கொண்டுவிடும். ஊரைச் சுற்றியுள்ள ஏழு மலைகளில் உயர்ந்தது 643 மீட்டர் உயர உல்ரிக்கன். அதற்கு ரோப் கார். பழனிக்குப் போய் வந்தவர்களுக்கு இரண்டும் பழகிய வாகனங்கள்தான். ஆனால், “நாளை காலை மலை” என்று முன்கூட்டியே முடிவு செய்து, மேகத்துக்குள் நின்று வெள்ளையைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் ஏராளம். வெளிச்சம் வந்த மணி நேரத்தில், கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஏறுங்கள். பலத்த காற்றில் ரோப் கார் நின்றுவிடும் என்பதால் கிளம்புமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. உல்ரிக்கனிலிருந்து ஃபுளோயனுக்கு மலைமேலேயே நடக்கும் பாதை அருமையானது, ஆனால் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ஈரப் பாறையில் சாதாரணச் செருப்போடு அதில் இறங்குவது அசட்டுத் துணிச்சல். குடையையும் நம்ப வேண்டாம். காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தலைமூடி வைத்த நல்ல மழைக்கோட்டும் நீர் புகாத காலணியும் போதும்.

அடுத்து பிரிக்கன். துறைமுகக் கரையில் சிவப்பும் மஞ்சளுமாய்ச் சாய்ந்து நிற்கும் மர வீடுகளை எதிர்ப்புறத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது வெறும் முகப்பு. உள்ளே பலகை பாவிய குறுகிய சந்துகளில் நுழைந்தால்தான் அந்த இடம் பிடிபடும். 1360 வாக்கில் ஹன்சா என்ற வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்கள் இங்கே தங்கள் வணிக நிலையத்தை நிறுவினார்கள். வடக்கிலிருந்து வந்த சரக்கு, உப்பிடாமல் காற்றிலேயே காயவைத்த காட் மீன் கருவாடு. அவர்கள் கொண்டுவந்து கொடுத்தது தானியம். தீப்பிடிக்கும் பயத்தால் மரக் கட்டடங்களில் நெருப்பு மூட்டத் தடை இருந்தது; குளிர்காய்வதும் சமைப்பதும் பின்புறத்தில் இருந்த தனிக் கூடங்களில். அப்படியும் 1702இல் எல்லாம் எரிந்து, பழைய அமைப்பிலேயே திரும்பக் கட்டப்பட்டது. 1979இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

1955இல் இன்னொரு தீ ஒரு பகுதியைத் தின்றது. அந்த இடத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான மரக்குச்சிகளும் பிற பொருட்களும் ரூனிக் எனப்படும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகளோடு கிடைத்தன. சரக்குச் சீட்டு, காதல் வரி, வேண்டுதல் என்று எல்லாம் அவற்றில் உண்டு. ஒன்றில் கிதா என்ற பெண் யாரையோ வீட்டுக்குக் கிளம்பச் சொல்கிறாள். எங்கே உட்கார்ந்திருந்த ஆள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். அகழாய்வு நடந்த இடத்திலேயே அருங்காட்சியகம் நிற்கிறது. மழை வலுக்கும் மதியத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அந்த ஊரில் இல்லை. சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலோர் இதைத் தாண்டி நேராக மீன் சந்தைக்குப் போகிறார்கள். சந்தையைப் பார்க்கலாம், சாப்பாட்டுக்கு விலைப் பலகையைப் படித்த பிறகு உட்காருங்கள். நண்டு எடை போட்டு விற்கப்படும், கணக்கு கைமீறிப் போகும்.

பெர்கனில் இறங்கினாலே ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடற்கழி, கண்ணெதிரே விரியும் என்ற எண்ணமும் பலரை ஏமாற்றுகிறது. ஊர் கடற்கழியின் ஓரத்தில்தான் இருக்கிறது. ஆனால் படங்களில் பார்க்கும் செங்குத்துச் சுவர்கள் உள்நாட்டில் இருக்கின்றன. சோக்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கும் அதிக நீளம், 1,300 மீட்டர் ஆழம். அதன் கிளையான நேரோய் ஃபியோர்டைப் பார்க்க வோஸ் வரை ரயில், குட்வாங்கன் வரை பஸ், அங்கிருந்து ஃபுளோமுக்குக் கப்பல், மறுபடி மலை ரயில் என்று முழு நாள் போகும். ஃபுளோமிலிருந்து மிர்டாலுக்கு ஏறும் ரயில் 20 கிலோமீட்டரில் 860 மீட்டருக்கு மேல் உயர்கிறது, அதற்காகவே போகலாம். இந்தப் பயணச் சீட்டுகளைத் தொகுப்பாகத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை, ஒவ்வொன்றாகவும் வாங்கலாம். ஒரே ஒரு நாள் மட்டும் கையில் இருந்தால் இதை விட்டுவிடுங்கள். ஊரையும் பார்க்காமல், ஃபியோர்டையும் ஜன்னல் வழியாக அரைத் தூக்கத்தில் பார்த்துத் திரும்புவதாக முடியும். ஒரு நாள்காரர்களுக்கு, மோஸ்ட்ராவ்மன் என்ற குறுகிய நீர்வழி வரை மூன்று மணி நேரச் சொச்சத்தில் போய்வரும் படகு போதும்.

சில்லறை விஷயங்களும் உண்டு. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, நாணயம் யூரோ அல்ல, குரோனே. அதையும் கட்டுக்கட்டாக மாற்ற வேண்டாம், வங்கி அட்டையே எங்கும் செல்லும். குழாய்த் தண்ணீர் நல்ல தண்ணீர், பாட்டிலுக்குக் காசைக் கொட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய மளிகைக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். டிசம்பரில் போகிறவர்களுக்குப் பகல் ஆறு மணி நேரம் அளவுதான்; மலையும் கப்பலும் அதற்குள் அடங்க வேண்டும். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர, 2017 முதல் இலகு ரயில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் ஆகும், ஆனால் விமான நிலைய பஸ்ஸைவிட மிக மலிவு. தடுப்புக் கதவு இல்லையே என்று டிக்கெட் எடுக்காமல் ஏறிவிடாதீர்கள். பரிசோதகர் வந்தால் அபராதத்தில் நல்ல மழைக்கோட்டு ஒன்று வாங்கியிருக்கலாம்.