துள்ளுகிற மெர்சிடிஸை எப்படிப் பார்ப்பது

சுங்கை சிப்புட்டில் மாமாக் கடை டிவி முன்னால் உட்கார்ந்து, "பெட்ரோனாஸ் பேர் போட்ட மெர்சிடிஸ் வண்டிக்கு என்னதான் ஆச்சு?" என்று 2022 எஃப் ஒன் கார் பந்தயங்களைத் திரும்பப் பார்க்கிற தம்பிகளுக்கு இது.

முதலில் ஓட்டுநரைத் திட்டாதீர்கள். நேர் பாதையில் ஹெல்மெட்டைப் பாருங்கள், செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் போகிற லாரி டிரைவர் மாதிரி தலை மேலும் கீழும் அடிக்கும். அந்த வருடத்துப் புது விதிப்படி வண்டியின் அடித்தளத்துக்குக் கீழே ஓடும் காற்றுதான் அதைத் தரையோடு இழுத்தது. வேகம் கூடக்கூட தரை நெருங்கி, காற்றோட்டம் அறுந்து, வண்டி எழும்பி, மறுபடி இழுபடும். துள்ளலை நிறுத்த உயரத்தை ஏற்றினால் பிடிப்பு போய்விடும், அங்கேதான் மாட்டிக்கொண்டார்கள். பக்கவாட்டு ஒல்லியாக இருந்ததுதான் குற்றம் என்பார்கள் பலர். அது மட்டும் இல்லை என்பது என் கட்சி.

அப்புறம் அஜர்பைஜானின் பாகு நகரப் பந்தயம் முடிந்து அப்போதைய மெர்சிடிஸ் ஓட்டுநர் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்குவதைப் பாருங்கள். 2014 முதல் 2021 வரை வரிசையாக 8 அணிப் பட்டம் வாங்கியவர்களுக்கு அந்த வருடம் மூன்றாம் இடம், ஒரே வெற்றி.

நேரமில்லையா? சரி, அந்த ஒரே வெற்றி வந்த பிரேசில் பந்தயத்தை மட்டும் போடுங்கள்: அணியின் இன்னொரு ஓட்டுநர் ரஸ்ஸல் முதல், ஹாமில்டன் இரண்டு.