கிரீன் கார்டு வரிசையில் உங்கள் தேதியைக் காப்பாற்றுவது எப்படி

எச்-1பி என்னும் வேலை விசாவில் அமெரிக்கா போகிறவர் பெரும்பாலும் சம்பளத்துக்காகப் போகிறார். பிள்ளை அங்கே பள்ளியில் சேர்ந்ததும் தங்கிவிடும் எண்ணம் வருகிறது. எச்-1பி-யோ மொத்தம் 6 வருடம்தான். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு, வேலைவழியாக ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேருக்குத்தான். ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பொதுவாக அதில் 7 சதவீதம். இந்தியர்களின் வரிசை அனுமார் வால் ஆனது இப்படித்தான். அதில் உங்கள் இடத்தைக் காட்டுவது பிரியாரிட்டி டேட் ஒன்றே.

இந்த வேலைக்கு உள்ளூரில் தகுந்த ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலாளர் துறையில் கம்பெனி போடும் விண்ணப்பம்தான் பெர்ம். உங்களுக்காக அதைப் போடும் நாள்தான் அந்தத் தேதி. வேலையில் சேர்ந்ததுமே பெர்ம் போடச் சொல்லிக் கேட்டு வையுங்கள். சம்பள நிர்ணயம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகை விளம்பரம், மாநில வேலைவாய்ப்புத் தளத்தில் 30 நாள் அறிவிப்பு என்று மாதக்கணக்கில் இழுக்கும். எச்-1பி-யின் ஐந்தாம் வருடம் முடிவதற்குள் பெர்ம் போடாவிட்டால் ஆறு வருடத்துக்கு மேல் நீட்டிப்பது சிக்கலாகிவிடும். பெர்முக்கான வக்கீல் செலவும் விளம்பரச் செலவும் கம்பெனியுடையவை. உங்கள் சம்பளத்தில் பிடிப்பது சட்டப்படி தவறு.

பெர்மில் காட்டும் அனுபவம் பெரும்பாலும் முந்தைய கம்பெனிகளில் பெற்றதாக இருக்க வேண்டும். ஊரில் கொடுக்கும் ரிலீவிங் லெட்டரில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும்தான் இருக்கும். அது போதாது. முழுநேர வேலையா, என்ன பொறுப்பு, எந்தத் தொழில்நுட்பம் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள், அதுவும் விலகும் வாரத்திலேயே. பிறகு கேட்டால் மேனேஜரும் இருக்க மாட்டார், சில சமயம் கம்பெனியே இருக்காது.

பெர்ம் ஒப்புதலான 180 நாளுக்குள் ஐ-140, அதாவது உங்களுக்குக் கிரீன் கார்டு கேட்டுக் கம்பெனி குடியேற்றத் துறையில் போடும் மனு, போட வேண்டும். ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் கடந்துவிட்டால், பழைய கம்பெனி அதை வாபஸ் வாங்கினாலும் அதைக் காட்டி எச்-1பி நீட்டிக்கலாம். கம்பெனி மாறினால் புதிய கம்பெனி பெர்மை முதலிலிருந்து போடும், ஆனால் தேதி பழையதே. ஒப்புதல் நகலைத் தராத கம்பெனிகள் உண்டு. ரசீது எண்ணையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் ஐ-94, அதாவது அமெரிக்காவில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு. எச்-1பி ஒப்புதல் இன்னும் இரண்டு வருடம் இருக்கும். பாஸ்போர்ட் எட்டு மாதத்தில் முடியும். விமான நிலைய அதிகாரி ஐ-94-ஐ அந்த எட்டு மாதத்தோடு நிறுத்திவிடுவார். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஐ-94 தானாக நீளாது. ஒவ்வொரு முறை நுழைந்ததும் இணையத்தில் தேதியைப் பாருங்கள்.

வேலை போனால் 60 நாள் அவகாசம். ஐ-94 அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான்.

வரிசைக்குக் கணக்கு பிறந்த நாடு, பாஸ்போர்ட் அல்ல. மனைவியோ கணவரோ யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால் அந்த நாட்டின் வரிசையில் இருவரும் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். இதை வக்கீல் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.

தேதி நெருங்கும்போது பிறப்புச் சான்றிதழைத் தேடுவார்கள். தமிழ்நாட்டுப் பழைய சான்றிதழ்கள் பலவற்றில் குழந்தையின் பெயரே இருக்காது. அப்பா பெயர் ஓரிடத்தில் இனிஷியல், ஓரிடத்தில் முழுசாக. அடுத்த முறை ஊருக்குப் போகும்போதே நகராட்சியிலோ பஞ்சாயத்திலோ பெயரைப் பதிந்து, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டு வாங்கி வாருங்கள்.