வெயிலில் இளகும் லைன்: ஃப்ளை தூண்டிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு காலை சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தில் ஒரு தம்பியைப் பார்த்தேன். புது ராட், புது ரீல். ஒவ்வொரு முறை வீசும்போதும் லைன் காலடியிலேயே சுருண்டு விழுந்தது. "என் கை சரியில்லையாண்ணே?" என்று கேட்டார். லைனைத் தொட்டுப் பார்த்தேன், வெயிலில் வைத்த மிட்டாய் மாதிரி பிசுபிசுத்தது. எட்டு வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் நின்றேன்.

முடிச்சு அவிழ்வது, பின்னால் ஆள் வருவதைப் பார்க்காமல் வீசுவது போன்றவற்றை ஒரு தடவை பட்டாலே கற்றுக்கொள்வீர்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

குளிர்நாட்டு லைன்

ஃப்ளை தூண்டிலில், இறகும் நூலும் சுற்றிய கொக்கிக்கு எடையே கிடையாது. லைனின் எடைதான் அதைச் சுமந்து போகிறது. அதனால் ராடைவிட லைன் முக்கியம். நாம் பார்க்கும் வீடியோக்களோ பெரும்பாலும் ட்ரௌட் மீன் வாழும் குளிர்ந்த ஓடைகளில் எடுத்தவை. குளிரில் விறைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்த லைனின் உள்நூலையும் மேல்பூச்சையும் மென்மையாகச் செய்கிறார்கள். இங்கே ஆகஸ்ட் மாதம், காலை பதினொரு மணி, 32 டிகிரி. மென்மையான பூச்சு இன்னும் இளகி, ராடின் வளையங்களில் ஒட்டி இழுக்கும்.

நான் தள்ளுபடியில் 90 வெள்ளிக்கு அப்படி ஒன்று வாங்கினேன். "எல்லாத் தண்ணிக்கும் ஆகும்" என்றார் கடைக்காரர். லைன் பறக்காதபோது என் கையைக் குறை சொன்னேன். அப்புறம் ராடைக் குறை சொல்லி, 300 வெள்ளிக்கு வேறு ராட் வாங்கினேன். மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் ஒரு பெரியவர், தன் லைன் சுற்றிய ரீலை என் ராடில் மாட்டிக் கொடுத்தார். முதல் வீச்சிலேயே நேராகப் போனது. வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைத் தேடி எடுத்தேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், குளிர்நீருக்கு என்று போட்டிருந்தது. அதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

பெட்டியில் 'ட்ராபிகல்' என்று இருப்பதை வாங்குங்கள். உள்நூல் விறைப்பாக, பூச்சு கெட்டியாக இருக்கும். ஆனால் ஏர்கான் அறையில் ரீலிலேயே கிடந்தால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டு வரும். அதைப் பார்த்து, பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. வீசுவதற்கு முன் லைனை வெளியே எடுத்து, ஒரு முழம் ஒரு முழமாகக் கையால் இழுத்துவிடுங்கள். சரியாகிவிடும்.

கொசு மருந்துக் கை

டீட் கலந்த மருந்து லைனின் பூச்சையே அரித்துவிடும். புறங்கையால் தடவுங்கள்.

மீன் கடித்ததும் ராடைத் தூக்குவது

இதுவும் ட்ரௌட் பழக்கம்தான். இங்கே கிடைக்கும் பீகாக் பாஸ், தோமான் மீன்களுக்கு வாய் கெட்டி. ராட் முனை மீனை நோக்கியே இருக்கட்டும், இன்னொரு கையால் லைனை வெடுக்கென்று இழுங்கள். அப்போதுதான் கொக்கி உள்ளே இறங்கும். நான் தூக்கித் தூக்கியே நல்ல தோமான் இரண்டை விட்டிருக்கிறேன்.

உயிர் இரை

நீர்த்தேக்கங்களில் கூடாது. செயற்கை இரை மட்டும், அதுவும் பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துள்ள இடங்களில் மட்டும்.

இடி

கார்பன் ராட் மின்சாரம் கடத்தும். இடியும் மழையுமாக வரும் சுமத்ரா காற்று பெரும்பாலும் விடியற்காலையிலும் காலையிலும்தான் வரும், மீன் நன்றாகக் கடிக்கிற அதே நேரம். "இன்னும் ஒரே ஒரு வீச்சு" என்று நிற்காதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கோப்பிக் கடையில் உட்காருங்கள்.