மியூனிக்கிலிருந்து புளோரன்ஸுக்குக் காரில் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

கோடை பிறந்தால் மியூனிக்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாராவது வரைபடத்தை விரித்துவிடுவார்கள். மியூனிக், இன்ஸ்பரூக், வெரோனா, புளோரன்ஸ் என்று விரல் கீழே இறங்கும். நான்கு நாள், வாடகைக்கு ஒரு கார். போன மாதம் வந்த இளம் தம்பதி பதிவு செய்திருந்த ஓட்டல், புளோரன்ஸ் பழைய நகரத்தின் நட்டநடுவில் இருந்தது. “வாசலிலேயே காரை நிறுத்திக்கொள்ளலாம் அண்ணா” என்றார் தம்பி. பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். கேட்டதும் பழைய எரிச்சல் அப்படியே திரும்பிவிட்டது.

பாஸ்போர்ட், காப்பீடு, சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஜிபிஎஸ் காட்டியது என்று பழைய நகரத்துக்குள் நுழைவது

இத்தாலியின் புளோரன்ஸ், பீசா, சியேனா, பொலோன்யா, வெரோனா, ரோம் என எந்த ஊரானாலும் மையப்பகுதிக்குள் வெளியார் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. இசட்.டி.எல். என்பார்கள். தடுப்புக் கம்பியும் இருக்காது, போலீஸ்காரரும் நிற்கமாட்டார். சிவப்பு வளையமிட்ட வெள்ளை வட்டப் பலகை ஒன்று, அதன் அருகே கேமரா ஒன்று, அவ்வளவுதான். உங்கள் நம்பர் பிளேட்டை அது படித்துக்கொள்ளும்.

நான் புளோரன்ஸில் ஆர்னோ ஆற்றங்கரையிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினேன். ஓட்டல் தெரிந்தது, நிறுத்த இடமில்லை. ஒருவழிப் பாதை என்பதால் சுற்றிக்கொண்டு மறுபடியும் அதே சந்துக்கு வந்தேன். மூன்றாவது சுற்றில்தான் பெட்டிகளை இறக்க முடிந்தது. யாரும் தடுக்கவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஊர் திரும்பிய சில வாரங்களில், கார் கொடுத்த நிறுவனம் என் கிரெடிட் கார்டில் மூன்று முறை பணம் எடுத்திருந்தது. அபராதம்தான், முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அது என் முகவரியைப் புளோரன்ஸ் நகரக் காவலருக்குத் தெரிவித்ததற்கான கட்டணம் மட்டுமே. உண்மையான அபராதம் ஏழு மாதம் கழித்துப் பதிவுத் தபாலில் வந்தது, மூன்று உறைகளில். கேமராவை ஒவ்வொரு முறை கடப்பதும் தனித்தனிக் குற்றம். ஒவ்வொன்றும் நூறு யூரோவை ஒட்டி இருந்தது. எல்லாவற்றையும் கூட்டினால் நான்கு நாள் கார் வாடகையைவிட அதிகம். கடிதம் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும் என்ற வரியைக்கூட ஆறாவது நாள்தான் படித்தேன்.

பலரைச் சிக்கவைப்பது அந்த மின்பலகைதான். “வார்கோ அத்தீவோ” என்று அதில் எழுத்து ஓடும். வார்கோ என்றால் வாயில். அத்தீவோவை ஆங்கில ‘ஆக்டிவ்’ என்று புரிந்துகொண்டு, வாயில் திறந்திருக்கிறது என உள்ளே போய்விடுகிறார்கள். பொருள் நேர் எதிர்: கட்டுப்பாடு நடப்பில் இருக்கிறது, நுழையாதே. இடையில் “நோன்” என்ற சொல் வந்தால் மட்டுமே போகலாம். நேரமும் ஊருக்கு ஊர் மாறும். பகலில்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஓட்டல் உள்ளேதான் என்றால், உங்கள் வண்டி எண்ணை நகராட்சியில் பதிந்துகொடுக்க அவர்களால் முடியுமா என்று முன்பே கேளுங்கள். கார் கைக்கு வரும்வரை எண் உங்களுக்குத் தெரியாது. சாவி வாங்கிய கையோடு நம்பர் பிளேட்டைப் படமெடுத்து அனுப்பி, பதிந்துவிட்டோம் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வழியில் காரை மாற்றிக் கொடுத்தால் புது எண்ணையும் அனுப்ப வேண்டும்.

என்னைக் கேட்டால், உள்ளே போகவே வேண்டாம். ஏ1 நெடுஞ்சாலையை விட்டு வெளியேறாமலே நுழையக்கூடிய வில்லா கோஸ்தான்சா நிறுத்துமிடம் இருக்கிறது. காரை அங்கே விட்டு டி1 டிராமில் ஏறினால், சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்துக்கு அரை மணிக்குள் போய்விடலாம். அந்தத் தம்பியை ஓட்டலை மாற்றச் சொல்லவில்லை. இதைத்தான் செய்யச் சொன்னேன்.

ஒரே சுங்கச் சீட்டு போதும் என்று நினைப்பது

ஆஸ்திரிய நெடுஞ்சாலைகளுக்கு வின்யெட் என்ற சீட்டு வேண்டும். ஒரு நாளுக்கும் பத்து நாளுக்கும் கிடைக்கிறது. எல்லையைக் கடக்குமுன் வாங்குங்கள். இன்ஸ்பரூக்கிலிருந்து பிரென்னர் கணவாய்வரை போகும் ஏ13 சாலைக்கு இது செல்லாது, அங்கே தனிச் சுங்கம். இத்தாலியில் உள்ளே நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது பணம் கட்ட வேண்டும். மஞ்சள் நிற டெலிபாஸ் வரிசைக்குள் மட்டும் போய்விடாதீர்கள். அது சுங்கத்தைத் தானாகக் கட்டும் கருவியை வண்டியில் வைத்திருப்பவர்களுக்கானது. தவறிப் போய்விட்டால் பின்னோக்கி எடுக்காமல், அங்குள்ள உதவிப் பொத்தானை அழுத்துங்கள்.

சுவிட்சர்லாந்து வழியாகப் போனால் ஓராண்டுச் சீட்டு ஒன்றுதான் உண்டு. ஒரு மணி நேரம் ஓட்டினாலும் 40 பிராங்க்.

ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமையில் பிரென்னர்

வேண்டாம், நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, வெரோனாவில் ஓர் இரவு தங்குங்கள்.

ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விடுவது

கட்டணம் வாடகையையே மிஞ்சலாம். எடுத்த ஊரிலேயே திருப்பிக் கொடுங்கள்.

டெபிட் கார்டோடு போய் நிற்பது

பல இடங்களில் முன்பணத்துக்கு ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டுதான் கேட்பார்கள். மனைவியின் கார்டும் ஆகாது.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி

இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள், ஊரிலிருந்து கிளம்புமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள்.

பெட்ரோல் பங்கில் பெயரைப் பார்த்து ஏமாறுவது

இத்தாலியில் “காசோலியோ” என்று எழுதியிருந்தால் அது டீசல். ‘கேசோலின்’ போல ஒலிப்பதால் பெட்ரோல் என்று நினைத்துக் குழாயை எடுத்துவிடுகிறார்கள். பெட்ரோலுக்கு “பென்ட்ஸினா” என்று பெயர். உங்கள் காருக்கு எது என்பது டேங்க் மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். சாவி வாங்கும்போதே திறந்து பாருங்கள். தவறானதை நிரப்பிவிட்டால் இஞ்சினைக் கிளப்பாமல், வண்டியை அங்கேயே விட்டு, கார் கொடுத்தவர்களின் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.